புடே சுமியிடம் சொல்லாமல் போன வார்த்தை

1

பிஜு என்னிடம் கேட்டது வேறொரு கட்டுரை.

பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில் எங்கள் ஊரில் ஒரு வாசகசாலை உண்டு. ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுவார்கள். முன்பக்கத்திலிருந்து புரட்டினால் தமிழ், பின்பக்கத்திலிருந்து புரட்டினால் மலையாளம்; நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஏதாவது ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். அதற்கு இப்போது செயலாளர் பிஜு, என்னோடு பிளஸ் டூ படித்தவன். போன மாதம் கூப்பிட்டான்.

"எலே மக்கா, நீ எப்பளும் வாட்ஸ்அப்பில போடுவல்லா, மனுஷ்யன்னு உள்ள வாக்கு தாய்லாந்துக்குப் போச்சு, ஜாவாவுக்குப் போச்சுன்னு. அத ஒண்ணு வடிவா எழுதித் தா. ரொம்ப நீட்டாண்டாம். எங்க ஆளுவ வாசிச்சா மனசிலாவணும்."

அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இந்த மாதிரி வேலை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மூன்று பக்கம் ஓடியது. நான்காவது பக்கத்தில் இருந்தபோது என் மனைவி விஜி அடுக்களையிலிருந்து வந்து, இங்கே ஜாவாவில் எங்களுக்கு எதிர்வீட்டில் இருக்கும் புடே சுமி ஊரை விட்டுப் போகிறார் என்று சொன்னாள். சுமத்ராவில் மகன் வீட்டோடு போய்விடுகிறார், அடுத்த வெள்ளிக்கிழமை பஸ். திரும்பி வருகிற போக்கு இல்லை.

அதற்கப்புறம் கட்டுரை நகரவில்லை. இப்போது நீங்கள் படிப்பது அந்த மூன்று பக்கமும், அது நின்றுபோன கதையும். பிஜு, நீட்டிவிட்டேன். பொறுத்துக்கொள்.

2

முதலில் மூன்று பக்கத்தின் சாரம்.

மனுவின் வழி வந்தவன் மனுஷ்யன், மானவன் என்பது நமக்குத் தெரிந்த கதை. அந்தச் சொல் கப்பலேறிய கதைதான் எனக்குத் தீராத ஆச்சரியம். வியாபாரிகளோடு போனது, பிக்குகளோடு போனது, அரசர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டப் போன பண்டிதர்களோடு போனது. சிங்களத்தில் மினிஹா. தாய்லாந்திலும் லாவோசிலும் மனுட். கம்போடியாவில் மொனுஹ் என்று தொண்டைக்குள் முடிகிறது. மலாயிலும் நான் இருக்கும் இந்தோனேசியாவிலும் மானுசியா. ஜாவா மொழியில் நடுவில் ஒரு மூக்கொலி சேர்ந்து மானுங்சா. பிற்காலத்தில் புதிய நாடுகள் சட்டம் எழுத உட்கார்ந்தபோதும் இந்தப் பழைய பெட்டியைத்தான் திறந்தார்கள். மனித உரிமைக்கும் மனிதநேயத்துக்கும் அதிலிருந்துதான் சொல் எடுத்தார்கள். இந்தோனேசியாவில் மனிதத்தன்மைக்குக் கெமனுசியான் என்று பெயர். முன்னால் ஒரு ஒட்டு, பின்னால் ஒரு ஒட்டு, நடுவில் நம்முடைய மனுஷன் உட்கார்ந்திருக்கிறான். என் மகள் தியா திங்கட்கிழமைதோறும் பள்ளிக்கூடத்துக் கொடிமரத்தடியில் நின்று அந்தச் சொல்லை உரக்கச் சொல்கிறாள்.

இது மட்டுமா? இங்கே கணவன் சுவாமி, மனைவி இஸ்த்ரி, விசுவாசத்துக்கு செத்தியா, அதாவது சத்தியம். காதலுக்கு சிந்தா. நம் ஊரில் சிந்தித்துக்கொண்டே இருக்கிறோம், இவர்கள் அதையே காதல் என்று முடிவுசெய்துவிட்டார்கள். வந்த புதிதில் இதையெல்லாம் விஜியிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவளுக்கு ஊர் உதியன்குளங்கரை. ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "பொண்டாட்டிக்கு இஸ்திரின்னா பேரு வச்சிருக்காவ? தேச்சு மடக்கி வைக்கியதுக்கா?" பிறகு, "அது கெடக்கட்டும். உப்புக்கு என்ன பேரு? கடையில காட்டிக் காட்டி எனக்கு விரலு நோவுது."

எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே கற்றுக்கொண்டு வந்து சொன்னாள்.

3

அந்தச் சொற்களின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. நம் எல்லையோரத்துக்காரர்களுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், பஸ்ஸில் இரண்டும். ஒரு மொழியில் கால் வழுக்கினால் சந்தோஷம், சமாதானம், பிரச்னை, மனுஷன் என்று எதையாவது பிடித்துக்கொண்டு அடுத்த மொழிக்குள் ஏறிவிடலாம். அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். கொத்தவேலை செய்தவர். வீட்டில் பேசுவதற்கு என்று தனியாக வார்த்தை தேடமாட்டார். நிலத்தை எங்கள் பெயருக்கு மாற்ற நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசுக்கு அலைந்த காலத்தில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், மலையாளத்தில் எழுதிய தாள்களை வாசிக்கக் கூடவே போவேன். வாசலைத் தாண்டியதும் அப்பாவின் குரல் மாறும். தோளில் கிடக்கும் துண்டு கைக்கு வரும். "ஸாறே, மனுஷ்யத்வத்தின்றெ பேரில் ஒந்நு சகாயிக்கணம்" என்பார். அதுவரை தாளைப் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா அப்போதுதான் ஆளைப் பார்ப்பார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது நான் கிண்டல் செய்வேன். அப்பா சிரிக்காமல் சொல்வார்: "அவியளுக்குள்ள பாஷையில பறஞ்சா அவிய கேப்பாவ. அவ்வளவுதான்."

அதே அப்பா பனச்சமூடு சந்தையில் மீன் வாங்கும்போது மனுஷ்யத்வம் பேசமாட்டார். பேசியிருந்தால் மீன்காரி, "இவரு என்ன எலக்ஷனுக்கு நிக்கியாரா?" என்று கேட்டிருப்பாள். இந்தப் பாதியை நான் கூடவே எடுத்து வரவில்லை. ஆபீஸ் பாதியை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

இங்கே சோலோ நகரத்துக்கு வெளியே ஒரு நூற்பாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. ஆலையில் ஆங்கிலம் போதும். கம்பெனி குவார்ட்டர்ஸ் வேண்டாம், மனிதர்கள் நடுவில் இருக்கலாம் என்று பிடிவாதம் பிடித்து இந்தச் சந்தில் வீடு எடுத்தேன். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது அதிகாரி, ஏன் இப்படி உள்ளே போய்க் குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் அப்பாவின் மகன் அல்லவா, பண்பாட்டுக்கு இவர்கள் சொல்லும் புதாயா, ஜீவன், மனிதம் என்று ஒரு மாலை தொடுத்துப் போட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளேயிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டு, இந்தியர் எவ்வளவு அழகாகப் பேசுகிறார் பாருங்கள் என்றார். முத்திரை விழுந்தது. வீடு வரை மிதந்துகொண்டு வந்தேன்.

அன்றோடு மொழி எனக்கு வந்துவிட்டது என்று முடிவுசெய்துகொண்டேன். தாய்மொழி இரண்டாகக் கிடைத்தவனுக்கு மூன்றாவது தானாக வரும் என்ற எண்ணம். நம் பக்கத்து ஆட்களால் மட்டுமே இப்படி ஏமாற முடியும்.

4

புடே என்றால் ஜாவா வழக்கில் பெரியம்மா. எங்கள் சந்தில் சுமியை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது இருக்கும். காலையில் வாசலில் ஒரு மேசை போட்டு, வேகவைத்த கீரைமேல் கடலைச் சாந்து ஊற்றி, வாழையிலையில் சோற்றோடு மடித்துக் கொடுப்பார். பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். பிறகு அந்த மேசை சந்துக்குப் பொது. அங்கே இருந்துதான் விஜி பேசக் கற்றாள். கீரை ஆய்ந்துகொடுத்து, எதையாவது தப்பாகச் சொல்லி, எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்து, திருத்தி. தியா அந்த மேசைக்கு அடியிலேயே வளர்ந்தாள் என்று சொல்லலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் விஜிக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் நான் உட்கார வேண்டியதாயிற்று. தியாவை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே கதவைப் பூட்டுகிறேன், புடே வந்தார், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், போ என்று கையால் காட்டினார். விஜி வீடு திரும்பும்வரை பிள்ளை அங்கேதான் தின்றது, அங்கேதான் தூங்கியது. நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. சந்தில் யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் தனித்தனியாகப் போய்ப் பார்க்கமாட்டார்கள். ஒரு பிக்கப் வண்டியைப் பிடித்து மொத்தச் சந்தும் ஏறிக்கொள்ளும். நம் ஊரில் மெடிக்கல் காலேஜுக்கு ஜீப்பில் போவது போலத்தான், கூட்டம் மட்டும் நாலு மடங்கு. ஒரு மாலை அப்படி வந்து இறங்கினார்கள். பழம், ரொட்டி, பாய், நடுவில் புடேயின் இடுப்பில் என் மகள். வராந்தா நிறைந்துவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும். என்னிடம் இருந்ததைச் சொன்னேன். நின்ற இடத்தில் கைகட்டி, இந்தச் சந்தின் கெமனுசியானை, உங்கள் செத்தியாவை, இன்பத்திலும் துன்பத்திலும் நீங்கள் காட்டிய பந்தத்தை நானும் என் குடும்பமும் மறக்கமாட்டோம் என்று முழங்கினேன்.

பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். கைகளை முன்னால் கோர்த்துக்கொண்டு, அதிகாரி வந்த கூட்டத்தில் நிற்பதுபோல் நின்றார்கள். முடிந்ததும் யாரோ கைதட்டினார்கள். புடேயும் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுத் தட்டினார்.

அந்த வாரத்திலிருந்து சந்தில் எனக்கு பாக் சாமாத் என்று பெயர். தாசில்தார் ஐயா என்று வைத்துக்கொள்ளுங்கள். கேலியாக வைத்தது இல்லை, அதுதான் சங்கடம். உண்மையாகவே மரியாதை. ஜாவாக்காரர்களுக்கு மரியாதைக்கு ஒரு பேச்சு, நெருக்கத்துக்கு ஒரு பேச்சு. மேசையைச் சுற்றி நெருக்கப் பேச்சு கலகலத்துக்கொண்டிருக்கும். நான் ஆலையிலிருந்து வந்து பைக்கை நிறுத்துவேன். சட்டென்று எல்லாம் மரியாதைப் பேச்சுக்கு மாறும். எனக்கு மட்டும் நாற்காலி துடைத்துப் போடப்படும். தாலுகா ஆபீஸ் வாசலில் அப்பா துண்டைக் கையில் எடுத்த மாதிரி.

நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன், கொஞ்ச நாள். தியாதான் முதலில் கேட்டாள், ஏன் அப்பா வந்தால் எல்லாரும் சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள் என்று. அதையும் அவள் ஜாவா மொழியில் விஜியிடம் கேட்டாள். விஜி எனக்குத் தமிழில் சொன்னாள். தியா வரவர அப்படித்தான், தமிழ் வாயில் வருவதில்லை. வீடியோ காலில் என் அம்மா, "மக்களே, சோறு தின்னியா?" என்று கேட்டால், இவள் தாயின் முகத்தைப் பார்க்கிறாள். எனக்கும் பாறசாலைக்கும் நடுவில் அவள் பாலமாகக் கிடப்பாள் என்று நினைத்தேன். அவள் எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வீட்டுக்கு நான் தாசில்தார்.

என் அம்மாவின் வாயில் மனுசன் என்றால் அப்பா. "அந்த மனுசன் கண்ணாடிய எங்க வச்சுச்சோ" என்று திட்டுவாள். "அவனுக்கு மனுசப்பற்று உண்டு" என்பது நம் ஊரில் ஒருவனுக்குக் கிடைக்கும் பெரிய சர்டிபிகேட். சமஸ்கிருதச் சொல்தான். ஆனால் நம்மிடம் அது அடுக்களைவரை வந்து, கண்ணாடி தேடி, வசவு வாங்கி, வீட்டு ஆளாகிவிட்டது. இங்கே தலைக்கும் முகத்துக்கும் விலைக்கும்கூட வடசொல் வந்திருக்கிறது, ஆனால் மானுசியா மட்டும் பலகையிலும் மேடையிலும் நின்றுவிட்டது. தெருவில் ஆளைக் குறிக்க ஓராங், ஜாவாவில் வோங். தாய்லாந்திலும் இப்படித்தானாம், தெருவில் கோன். கம்போடியாவில் மட்டும் மொனுஹ் தெருவிலும் புழங்குவதாகப் படித்தேன்; போய்ப் பார்க்கவில்லை. இந்தப் பத்தியைத்தான் நான்காவது பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். விஜி வந்து புடே போகிறார் என்று சொன்னாள்.

5

ஒரு வாரம் இருந்தது. எனக்கு ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும். புடே போகுமுன் அவரிடம் நன்றி சொல்ல வேண்டும், வராந்தாவில் சொன்ன மாதிரி இல்லாமல், அந்த மேசையைச் சுற்றிப் பேசும் பேச்சில். அவர் என் வீட்டு ஆள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். தாசில்தார் சொன்னதாக இருக்கக் கூடாது.

விஜியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "இத்தற காலம் நிங்க என்ன செய்துகிட்டு இருந்திய?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தியாவையும் கூட்டிக்கொண்டு எனக்குப் பாடம் நடந்தது. நான் எது சொன்னாலும் அதில் ஒரு பண்டிதர் வந்து உட்கார்ந்துகொண்டார். தியா தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் விஜி எல்லாவற்றையும் வெட்டிவிட்டு இரண்டு சின்ன வாக்கியம் கொடுத்தாள். நீங்க இல்லாட்டி வீடு செபி. செபி என்றால் ஆளரவம் இல்லாமல் வெறிச்சென்று கிடப்பது. அப்புறம், போய்ச் சேர்ந்ததும் தின்னுட்டு எங்கள கூப்பிடுங்க. "இவ்வளவு பறஞ்சா மதி," என்றாள். "வேற ஒரு வாக்கும் கூட்டாண்டாம்."

ஆலைக்குப் போகும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அதையே சொல்லிக்கொண்டு போனேன். நடுவில் ஒரு நாள் புடே வாசலில் தனியாக இருந்தார், பாத்திரங்களைத் துணியில் கட்டிக்கொண்டு. இப்போதே சொல்லிவிடலாம் என்று பைக்கை நிறுத்தினேன். என்னைக் கண்டதும் எழுந்து, சேலைத் துணி மாதிரி இடுப்பில் சுற்றியிருந்ததைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியைத் துடைக்கத் துணி தேடினார். பஸ் ஏற்றும்போது சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பகல். நெடுஞ்சாலை ஓரத்து நிறுத்தத்துக்கு மொத்தச் சந்தும் வந்திருந்தது, அதே பிக்கப்பில். பனச்சமூடு ஜங்ஷன் மாதிரியே ஒரு இடம். டீக்கடை, பழக்கடை, எந்தப் பஸ் எங்கே போகிறது என்று எல்லாரும் எல்லாரிடமும் கேட்கும் இரைச்சல். புடே பெண்களோடு கட்டிக்கொண்டு சிரித்தார், அழுதார். விஜியின் கன்னத்தைக் கிள்ளி ஏதோ திட்டினார், விஜியும் பதிலுக்குத் திட்டினாள். தியாவை விடவே இல்லை. அந்தப் பேச்சில் பாதி எனக்குப் புரிந்தது, இப்போது, ஒரு வாரப் படிப்பில். பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்காமல் விடாதே என்கிறார். காய்ச்சல் வந்தால் இன்ன இலை என்கிறார்.

பஸ் வந்தது. பெட்டிகள் ஏறின. நான் முன்னால் போனேன். வாயில் செபி தயாராக இருந்தது.

புடே என்னைப் பார்த்தார். தியாவைக் கீழே இறக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோள் நிமிர்ந்தது, கைகள் முன்னால் கோர்த்துக்கொண்டன. அவர் முகத்தில் நான் இதுவரை காணாத ஒரு பயம் இருந்தது, பள்ளிக்கூட மேடையில் ஏறும் பிள்ளைக்கு வருமே, அது. எங்கோ பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாக, மனப்பாடம் செய்ததைச் சொன்னார்.

"ஐயா, தாங்கள் காட்டிய கெமனுசியானுக்கு மிக்க நன்றி. தாங்களும் தங்கள் கெலுவார்காவும் பஹாகியா, செந்தோசா பெற்று வாழ வேண்டும்."

கெலுவார்கா, குலவர்க்கம், அதாவது குடும்பம். பஹாகியா, பாக்கியம். செந்தோசா, சந்தோஷம். எல்லாம் எனக்காக எடுத்து வைத்தவை. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, தப்பில்லாமல் சொல்லிவிட்டாரா என்று உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தே சேர்ந்து தயார் செய்திருக்கிறது. நான் ஹெல்மெட்டுக்குள் ஒத்திகை பார்த்த அதே நாட்களில், எதிர்வீட்டில் அவர் எனக்குப் புரிகிற பாஷை என்று நம்பியதை ஒத்திகை பார்த்திருக்கிறார்.

அதற்குப் பதிலாக, வீடு வெறிச்சென்று கிடக்கும் என்று எப்படிச் சொல்வது? அவர் அவ்வளவு சிரமப்பட்டுக் கட்டியதைத் தட்டிவிட்ட மாதிரி ஆகிவிடாதா? நான் குனிந்து, கைகளைக் கோர்த்து, அதே உயரத்தில் பதில் சொன்னேன். தங்கள் பயணம் நலமாக அமைய வேண்டும் என்றேன். அவருக்கு நிம்மதி. தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். யாரும் கைதட்டவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

பஸ் ஏறி ஜன்னலில் உட்கார்ந்ததும் மறுபடி அவர் புடே ஆனார். தியாவைப் பார்த்துக் கத்தினார், ஏதோ வேடிக்கை காட்டினார், அழுதார். என் பக்கம் கண் வந்தபோது மட்டும் சிரிப்பை ஒழுங்குபடுத்திக்கொண்டார். பஸ் நகர்ந்தது. அது ஒரு லாரிக்குப் பின்னால் மறையும்வரை நின்றோம். அப்புறம் நான் சொன்னேன், சத்தமாகவே, தப்பில்லாமல். நீங்க இல்லாட்டி வீடு செபி.

விஜி என்னைப் பார்த்தாள். "வாருங்க, வெயிலு," என்றாள்.

பிக்கப்பில் எனக்கு டிரைவர் பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று பின்னால் ஏறி, பெண்களுக்கும் வெறும் பாத்திரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். எல்லாரும் நகர்ந்து எனக்கு நிறைய இடம் விட்டார்கள். தியா என் மடியில் ஏறிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபின், அபூர்வமாகத் தமிழில் கேட்டாள்:

"அப்பா, புடே ஏன் உங்ககிட்ட மட்டும் டிவில பேசுற மாதிரி பேசினாங்க?"